தம்பியின் கபரில் உண்ணிச்செடி

காட்டை விட்டு இறங்கும் வழியில் சோதனைச் சாவடியில் எங்கள் வேனை நிறுத்தினார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். வேனுக்குள் எங்கள் தெருவே இருந்தது. காலியான பிரியாணி தேக்சா, தால்ச்சா வாளி, சுருட்டிய ஜமுக்காளங்கள், மலைப்பாதையில் வாந்தி எடுத்துக் களைத்த பெண்கள், மடியில் தூங்கும் குழந்தைகள்.

"காட்டுல இருந்து ஏதாச்சும் எடுத்துட்டு வாரீங்களா? இறகு, கல்லு, செடி? எதையும் கொண்டு போகக் கூடாதுங்க."

எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். என் மடியில் இருந்த தம்பி ஜாபர் மட்டும் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அவனுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே ஒரு செடியின் கிளை. அதன் நுனியில் ரோஸும் மஞ்சளும் கலந்து குட்டிக் குட்டிப் பூக்கள், ஒரு கொத்தாக. முள் கீறி அவன் வயிறெல்லாம் சிவப்புக் கோடுகள். அவ்வளவு தூரமும் அவன் வாயைத் திறக்கவில்லை.

காக்கிச் சட்டைக்காரர் அந்தக் கிளையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இந்த அழுகை? கண்ணு, இது உண்ணிச்செடி. லாரி லாரியா வேணுமின்னாலும் கொண்டு போ. ஒருத்தரும் கேக்க மாட்டோம்."

கிளையைத் தம்பி கையிலேயே திருப்பிக் கொடுத்தார். காட்டுக்காரரே தன் கையால் எங்களுக்கு ஒரு செடி கொடுத்துவிட்டார் என்று நினைத்தோம். எங்களைப் பெற்ற அத்தாவும் அப்படித்தான் நினைத்தார். வேன் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக அவருக்கு சலாம் வைத்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் வெகு காலம் தெரியாது.

பெருநாளுக்கு மறுநாள்

போன வாரம் இந்தத் தொடரில் நான் வேலை பார்த்த பேக்கரி அடுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். விடிவதற்கு முன்பே அடுப்படிக்குப் போய், பொழுது சாய்ந்து வெளியே வருகிறவனுக்குக் காட்டோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வருடத்தில் ஒரே ஒரு நாள் சம்பந்தம்தான். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் மீதி நாட்களை ஓட்டினேன்.

கோயமுத்தூரில் எங்கள் தெருவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாள் எல்லோருமாகச் சேர்ந்து வேன் பிடித்து எங்காவது போவார்கள். அடுத்த தெருக்காரர்கள் ஊட்டிக்குப் போவார்கள். நாங்கள் ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப்புக்கு. மெத்தை தைக்கும் எங்கள் அத்தாதான் அதற்குக் காரணம். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி அவருக்கு எப்போதும் இருமல். அந்தக் காட்டுக்குள் நுழைந்ததும் இருமல் நின்றுவிடும் என்பார். நிற்கவும் செய்தது. இல்லை, அன்று அவர் சந்தோஷத்தில் இருமவில்லையோ என்னவோ.

காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் விடியும் முன்பே தெருவில் பிரியாணி செய்து, தேக்சாவின் மூடியைச் சுற்றி மாவு அப்பி, சாக்குப் போர்த்தி வேனில் ஏற்றுவார்கள். பொள்ளாச்சி தாண்டும்போது சாக்கைத் தொட்டால் இன்னும் சுடும். குழந்தைகளெல்லாம் அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் தூங்குவோம்.

பெருநாள் பிறையைப் பார்த்து வருவது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் முன்னால் நகரும். அதனால் நாங்கள் அந்தக் காட்டை ஒரே மாதிரிப் பார்த்ததில்லை. சில வருடங்கள் அட்டை காலில் ஏறும் மழையில் போனோம். சில வருடங்கள் மூங்கில் காய்ந்து மடமடவென்று ஒலிக்கும் வெயிலில். ஒரு வருடம் தீப்பிடிக்கும் காலம் என்று உள்ளே விடவில்லை. ஆழியாறு அணைக்கட்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். தம்பி அன்று சோறு தின்னவில்லை.

தெருவே வாயை மூடிய இடம்

எங்கள் தெரு சத்தத்துக்குப் பேர் போனது. ஒரு வீட்டில் உப்புக் கேட்டால் மூன்றாவது வீட்டில் இருந்து பதில் வரும். அந்தத் தெரு மொத்தமும் வாயை மூடி நான் பார்த்த இடம் அந்தக் காடு ஒன்றுதான்.

வனத்துறை வண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "சத்தம் போட்டா ஒண்ணும் வராதுங்க" என்பார். அதன் பிறகு பாத்திரக்கடை மாமியின் வளையல் சத்தம்தான் கேட்கும். அவரும் ஒரு கையால் மறு கை வளையலைப் பிடித்துக்கொள்வார்.

நான் கூச்சக்காரன். நாலு பேர் இருக்கும் இடத்தில் கை கால்களை எங்கே வைப்பதென்று தெரியாது. எல்லோரும் பேசாமல் இருந்த அந்த நேரத்தில்தான் எல்லோரையும் போல நானும் இருந்தேன். அந்த நிம்மதியை நான் வேறு எங்கேயும் அனுபவித்ததில்லை.

ஒரு முறை தலைக்கு மேலே ரயில் போகிற மாதிரி சத்தம். மரங்களுக்கு மேலே ரயிலா என்று எல்லோரும் அண்ணாந்தோம். இரண்டு பெரிய பறவைகள், மூக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்த மாதிரி, இறக்கையை அடித்துக்கொண்டு போயின. இருவாச்சி என்றார் டிரைவர். காற்றை அவை அள்ளித் தள்ளும் சத்தம் அது. தம்பி என் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"அண்ணே, அதுங்க நம்மளப் பாக்கவே இல்லையே" என்றான்.

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவனுக்கு அது பெரிய குறையாக இருந்தது. ஒரே காட்டைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் இரண்டு விதமாக வீடு திரும்பினோம் என்று இப்போது தோன்றுகிறது. பின்னாளில் நான் பேக்கரி லீவு நாளில் பொள்ளாச்சி தாண்டி பஸ்ஸில் போய், மலையடிவாரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். எனக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை. காடு தன்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

பால் பவுடர் டப்பா

அன்று கொண்டு வந்த கிளையை அம்மா ஒரு பால் பவுடர் டப்பாவில் மண் போட்டு நட்டார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு மாதத்தில் துளிர்த்துவிட்டது. டப்பா துருப்பிடித்து உடைந்ததும் உடைந்த குடத்துக்கு மாற்றினார். அதன் பிறகு சிமெண்டுத் தொட்டி. இலையைக் கிள்ளினால் வீடெல்லாம் காட்டு வாசம் வரும். அத்தா கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது ஓர் இலையைக் கசக்கி மூக்குக்குக் கிட்டே வைக்கச் சொல்வார்.

தம்பி என்னைப் போலில்லை. பத்தாவது முடித்தான். டிரைவிங் படித்தான். பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வண்டி ஓட்டினான். அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஆனைமலைக் காட்டுக்குள் களைச்செடி வெட்டும் ஒப்பந்த வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போக ஒரு ஜீப் டிரைவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனான். போனவன் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு அரிவாளை வாங்கிக்கொண்டு அவர்களோடு இறங்கிவிட்டான்.

வெட்டிய களைச்செடி எது என்று அவன் முதல் முறை லீவில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வந்ததும் வராததுமாகக் குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டான். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இதைப் புடுங்கிப் போட்டுடலாமா?"

"ஏண்டா?"

"இது காட்டுச் செடியே இல்லம்மா. எப்பவோ வெள்ளைக்காரன் அழகுக்குன்னு கப்பல்ல கொண்டாந்தது. இது வந்த எடத்துல புல்லு மொளைக்காது. புல்லு இல்லீன்னா மானு எதைத் திங்கும்? யானை எதைத் திங்கும்? காட்டையே தின்னுட்டு இருக்குதும்மா."

"நீதாண்டா கொண்டாந்த."

"அப்ப எனக்குத் தெரியாதும்மா."

"எனக்கு இப்பவும் தெரியல. போயி கையக் கழுவிப்போட்டுச் சோத்தைத் தின்னு."

அவன் சிரித்துவிட்டான். அம்மாவிடம் தோற்கும்போதெல்லாம் அப்படித்தான் சிரிப்பான். அதன் பிறகு ஒவ்வொரு லீவிலும் வந்ததும் முதல் வேலையாகக் குழாயடியில் உட்கார்ந்து, அந்தச் செடியில் இருந்த பச்சைக் காய்களை ஒன்று விடாமல் கிள்ளி எடுப்பான். காய் பழுத்தால் குருவி தின்னும், தின்ற குருவி ஊரெல்லாம் விதைக்கும் என்பான். "எம்பட செடிக்கு மொட்டை போடறான் பாரு" என்று அம்மா திட்டுவார். அவர் திட்டத் திட்ட அவன் கிள்ளுவான். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னான். "அண்ணே, வருசா வருசம் நாம ரோட்டோரமா பாத்து ஆசப்பட்டமே பூவு, அது பூராவும் இதுதான். காடுன்னு நெனச்சுக் காட்டைத் தின்னறதைப் பாத்திருக்கோம்."

"ஆசப்பட்டது நெசந்தானே?" என்றேன்.

"அது நெசந்தான்" என்றான்.

அந்தச் செடியை எப்படி எடுக்க வேண்டும் என்றும் காட்டினான். தண்டோடு வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். மண்ணுக்குக் கீழே, வேரும் தண்டும் சேரும் முடிச்சுக்கு அடியில் வெட்ட வேண்டும். எடுத்த கட்டையைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்க வைத்துவிட வேண்டும். வெயிலில் வேர் காய்ந்தால்தான் அது சாகும். இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. பிடிவாதக்காரப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னான்.

செடிக்கு அந்தப் பக்கம்

ஒரு மழைக்காலக் காலையில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. காட்டுமாடு முட்டிவிட்டது என்றார்கள். நான் மாவுக் கையோடு போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினோம்.

அவனோடு வேலை செய்தவர்களில் வெள்ளிங்கிரி என்றொரு பையன், அந்தக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று ஏழாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தான். ஓதி முடித்து எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவக் குழாயடிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"இதையா ஊட்டுல வளத்தறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

பின்னாலேயே அம்மா நின்றிருந்தார். வெள்ளைத் துணியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, "எம்பட பையன் சின்னதுல கொண்டாந்ததுங்க" என்றார்.

வெள்ளிங்கிரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து கையை மறுபடியும் கழுவினான். "நல்ல செடிதானுங்கம்மா" என்றான்.

உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட நான் அவனோடு நடந்தேன். பஸ் வந்து நின்ற பிறகுதான் சொன்னான்.

"பனி மூட்டமுங்கண்ணா. செடி ஆளு ஒசரத்துக்கு மேல. அந்தப் பக்கம் கருப்பா ஒண்ணு தெரிஞ்சுது. நெழலுன்னு நெனச்சுப்போட்டோம். அவரு கை நீட்டுனா தொடற தூரத்துல அது நின்னிருக்குதுங்க. செடி மறைச்சுப்போட்டுது."

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் காட்டுமாடு மட்டும்தான்.

பச்சையா இருக்குதா?

எங்கள் பக்கத்தில் அடக்கம் செய்ததும் கபரின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளையை நடுவார்கள். பெரும்பாலும் மருதாணி. அது பச்சையாக இருக்கும் வரை அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு அதனால் வேதனை குறையும் என்பது நம்பிக்கை. இதெல்லாம் தேவையில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் நடுவார்கள்.

பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடியும் நேரத்துக்கு வந்து, வெளி வாசலில் மதில் ஓரமாக நிற்பார். நான் உள்ளே போய் ஓதிவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்புவேன். அவர் கேட்பது ஒரே கேள்வி.

"பச்சையா இருக்குதா?"

மருதாணி முதல் கோடையில் காய்ந்துவிட்டது. காய்ந்துபோச்சும்மா என்றேன். அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டார். வேறொரு மருதாணி நட்டேன். அதுவும் நிற்கவில்லை. அந்த மூலையில் மண் வெறும் சுக்கான் கல். அந்த வாரங்களில் அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். "அங்க அவன் தனியா இருக்கானே" என்பார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குழாயடிச் செடியில் ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணி சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இதை வெய்யி. இது சாகாது."

நான் கிளையைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தேன். எனக்கு எப்போதும் போல வாய் வரவில்லை. கொண்டு போய் நட்டேன்.

அது சாகவில்லை. கல்லிலும் வேர் விட்டது. அடுத்த மழைக்குள் தலைமாட்டுக் கல்லை மூடி நின்றது. ரோஸும் மஞ்சளுமாகப் பூத்தது. "பச்சையா இருக்குதா?" "பச்சையா இருக்குதும்மா." "பூத்திருக்குதா?" "பூத்திருக்குதும்மா." அம்மா முகத்தை முக்காட்டால் துடைத்துக்கொண்டு நடப்பார். அன்று சோறு தின்பார்.

வாரம் ஒரு முறை நான் கிள்ளுகிற காய் அதற்கு எம்மாத்திரம்? குருவிகள் என்னைவிடச் சுறுசுறுப்பு. பக்கத்துக் கபர்களில் முளைத்தது. அதற்கும் அப்பால் முளைத்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் காஜா பாய் ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர்தான் மையவாடியையும் பார்த்துக்கொள்கிறவர்.

"ஏனுங்க பாய், கோவிச்சுக்காதீங்க. ஹார்டுவேர் கடைக்காரரு அவங்க அத்தாவுக்கு ஓத வந்தாரு. வேட்டியப் புடிச்சு இழுத்துருச்சுங்க உங்க செடி. 'எங்கத்தா உசுரோட இருக்கறப்பகூட என்னைய இப்பிடிப் புடிச்சு நிறுத்துனதில்ல'ன்னு சிரிச்சுட்டுத்தான் போனாரு. ஆனா ஜமாத்துல பேச்சு வந்துருச்சு. எடுத்துப்போட்டா நல்லதுங்க. அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க."

பக்குவமாகச் சொல்ல எனக்கு எங்கே தெரியும்? அடுத்த வெள்ளி போனது. அதற்கடுத்த வெள்ளியும் போனது. பச்சையா இருக்குதா என்று கேட்டார். இருக்குதும்மா என்றேன். அது உண்மைதான். அந்தப் பச்சையை எடுத்துவிட்டால் அம்மா மறுபடியும் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. அந்த வயதில் இன்னொரு கோடையை அப்படி அவர் தாங்கமாட்டார்.

அம்மா கேட்டது

ஒரு மதியம் குழாயடியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டிச் செடியில் காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"அம்மா, அங்க செடி பரவிருச்சும்மா. அடுத்த கபருக்கெல்லாம் போயிருச்சு. எடுக்கச் சொல்றாங்க."

அம்மா அரிசியைக் களைவதை நிறுத்தவில்லை.

"முள்ளு உள்ள இருக்கறவங்களக் குத்துதா?"

"வரவங்களக் குத்துது."

களைந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். அதன் பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"மாடு இந்தச் செடிக்குள்ளதான் நின்னுச்சா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரும்மா சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? ஏழாம் நாளு அந்தப் பையன் இதைப் பாத்தான் பாரு, அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு. நல்ல செடின்னு சொல்றவன் எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்பான்ல?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்பதற்கு என்னால் அவ்வளவுதான் முடிந்தது. அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேதான் குடுத்தேன், கண்ணு. எம்பிள்ளையக் கொண்டு போனது இதுதான? எம்பிள்ளை தலைமாட்டுல நின்னு அவனுக்காக ஓதட்டும்னு குடுத்தேன். நாள் பூரா ஓதட்டும். வெயில்லயும் மழையிலயும் நின்னு ஓதட்டும். வேற எதுக்கு அந்தக் கல்லுக்குள்ள நிக்கற தெம்பு இருக்குது?"

அம்மா அழுது நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று அழவில்லை. அவருக்கு இத்தனை கோபம் இருந்ததே எனக்குத் தெரியாது. அந்தச் செடி வைத்ததில் இருந்து வருடக்கணக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பச்சையா இருக்குதா என்று கேட்டது, அது தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்டதுதான்.

பாத்திரத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஆனா ஊரார் கபர் மேல ஏற அதுக்கு நாஞ் சொல்லல" என்றார். "அந்த மாடும் பாவம், பயந்துதான் முட்டியிருக்கும். செடியும் அதும்பாட்டுக்கு வளந்துச்சு. ஓதுனது போதும். எடுத்துப்போடு."

"பச்சை இல்லாமப் போயிருமேம்மா."

"போனாப் போவுது. எனக்கு வாயி இருக்குதல்ல?"

நான் தொட்டியைக் காட்டினேன். இதையும் எடுத்துவிடவா என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அம்மாவுக்குப் புரிந்தது.

"இது இருக்கட்டும். இது அவன் சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாந்தது. இது ஒண்ணும் பண்ணல."

வேர்

மறுநாள் விடிந்ததும் காஜா பாயிடம் கடப்பாரை வாங்கிக்கொண்டு போனேன். தம்பி காட்டியபடியே முடிச்சுக்கு அடியில் வெட்டினேன். கல்லுக்குள் போன வேர் லேசில் வரவில்லை. கையெல்லாம் கீறல். பக்கத்துக் கபர்களில் இருந்த கன்றுகளையும் எடுக்கப் பொழுது ஏறிவிட்டது. வேறு ஏதாவது நடுகிறீர்களா என்று காஜா பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மூலை, அடக்கிய அன்று இருந்த மாதிரியே மண் மேடாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவன் போனது எனக்கு இரண்டாம் முறையாக உறைத்தது. இவ்வளவு நாளும் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மண்ணைப் பார்க்கவில்லை.

எடுத்த கட்டைகளை மதில் ஓரம் வெயில் படும் இடத்தில் வேர் மேலே இருக்கும்படி அடுக்கினேன். காஜா பாய் வேடிக்கை பார்த்தார். "இதென்னங்க பாய், தலைகீழா?" என்றார். "தம்பி இப்படித்தான் வெப்பான்" என்றேன். மீதிக் கட்டைகளை அவரும் அப்படியே அடுக்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஓதிவிட்டு வெளியே வந்தேன். அம்மா வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். பச்சையா இருக்குதா என்று அவர் கேட்கவில்லை.

"வெறுமனே கெடக்குதா?"

"ஆமாம்மா."

"செரி. நீ சித்த அந்தப் பக்கம் போயி நில்லு. உங்கூடப் பேசிட்டே ஓத முடியாது."

நான் தள்ளிப் போய் வேப்பமர நிழலில் நின்றேன். அம்மா மதில் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடுகள் அசைய ஆரம்பித்தன. தொழுகைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். செருப்பு விடும் இடம் காலியானது. காஜா பாய் வந்து வெளிக்கதவைச் சாத்தப் பார்த்தவர், அம்மாவைக் கண்டதும் கதவைப் பாதியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நிழல் நகர்ந்து அம்மா வெயிலில் நின்றார். நகர்ந்து நில்லும்மா என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் அவர் இன்னும் ஓதி முடிக்கவில்லை.